அலரும் கணிப்பும்

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலைசெய்த ஒரு கல்லூரியில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எல்லா ஆசிரியர்களின் கைப்பேசிக்கும் ஒரு கூகுள் படிவம் வந்தது. பணியிடச் சூழல் குறித்த கருத்துக்கணிப்பு. பெயர் கேட்கப்படாது, மனம் திறந்து பதில் சொல்லுங்கள் என்று மேலே எழுதியிருந்தது. மாலை ஐந்து மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். முதல் நான்கு கேள்விகள் துறை, பாலினம், வயது, பணியனுபவம். ஐந்தாவதிலிருந்துதான் கருத்து தொடங்கியது. எங்கள் துறையில் நாற்பதைத் தாண்டிய, பத்தாண்டுக்குமேல் அனுபவம் உள்ள பெண் நான் ஒருத்திதான். பெயரைக் கேட்காமலே அந்தப் படிவம் என்னை அடையாளம் கண்டுவிட்டது.

நடுவில் ஒரு வரி இருந்தது: 'இந்த வளாகத்தில் பெண்கள் பாதுகாப்பாக உணர்கிறார்கள்.' எதிரே ஐந்து வட்டங்கள். 'முற்றிலும் ஏற்கிறேன்' என்பதிலிருந்து 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை. நான் முதல் வட்டத்தைத் தொட்டேன். பொய் என்று தெரிந்தேதான் தொட்டேன். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் சுயநிதிப் பிரிவில் வேலைபார்த்த இளம்பெண் ஒருத்தி, மூத்த ஆசிரியர் ஒருவர் இரவில் அனுப்பும் குறுஞ்செய்திகளை என்னிடம் காட்டி, "மேடம், இதுக்கு நான் என்ன பண்றது?" என்று கேட்டிருந்தாள்.

பிறகு அவள் துணிந்து எழுத்தில் புகார் கொடுத்தாள். நான் துணைக்குப் போயிருந்தேன். குழுவில் இருந்த ஒருவர் மென்மையாகவே சொன்னார்: "இப்பதானேம்மா சர்வே எடுத்தோம். ஒருத்தர்கூட பாதுகாப்பு இல்லைன்னு சொல்லலையே." அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அந்தப் பருவம் முடிந்ததும் அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

நான் தொட்ட அந்த வட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கவிதையையும் கதையையும் பிரதியாக எடுத்துக்கொண்டு, யார் பேசுகிறார்கள், யாரிடம், எந்த இடத்தில் மௌனம் என்றெல்லாம் வகுப்பில் கேட்கிறோம். கேள்வித்தாளும் ஒரு பிரதிதான். அதையும் அப்படி வாசித்துப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குப் பிறகுதான் எனக்குத் தோன்றியது.

*

சங்க அகப்பாடல்களைக் கற்பிக்கிறவள் நான். ஒவ்வோர் ஆண்டும் 'அம்பல்', 'அலர்' இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித்தர வேண்டியிருக்கும். களவுக்காதல் ஊருக்கு அரைகுறையாகத் தெரிந்து, சிலர் மட்டும் முணுமுணுத்துக்கொள்ளும் நிலை அம்பல். எல்லார் வாயிலும் வெளிப்படையாக அடிபடும் நிலை அலர். மொட்டும் மலரும் போல என்பது உரைமரபு தரும் விளக்கம். திருக்குறள் காமத்துப்பாலில் 115ஆம் அதிகாரமே அலரறிவுறுத்தல்தான். பொதுக்கருத்து என்று நாம் இன்று சொல்வதற்கு நம் இலக்கியத்தில் இருக்கும் பழைய பெயர்களில் ஒன்றாக அலரை எடுத்துக்கொள்ளலாம்.

அலரில் தலைவன் பெயரும் அடிபடும். ஆனால் அதன் விளைவு தலைவியின்மேல்தான் விழுகிறது. அலர் எழுந்தால் அடுத்து வருவது இற்செறிப்பு, அதாவது பெண்ணை வீட்டுக்குள் காவலில் வைப்பது. தலைவனை யாரும் பூட்டிவைப்பதில்லை. ஊருக்குக் கருத்து இருக்கிறது. அந்தக் கருத்தின் பொருள் பெண். அவளுடைய கருத்து என்ன என்று ஊர் கேட்பதில்லை. அதைத் தோழியிடம்தான் அவள் சொல்ல முடியும்.

இன்னொரு செய்தியும் உண்டு. அகப்பாடலில் யாருடைய பெயரையும் சுட்டக்கூடாது என்பது மரபு. பெயர் சுட்டினால் பாட்டு அகத்திலிருந்து புறத்துக்குப் போய்விடும். அங்கே பெயரை மறைத்தது, உள்ளே இருப்பதைத் தடையில்லாமல் சொல்வதற்காக. எங்கள் கல்லூரிப் படிவம் பெயரை மட்டும் மறைத்துவிட்டு, ஆளைக் காட்டித்தரும் மற்ற எல்லாவற்றையும் கேட்டது. அப்படிக் கேட்டால் உள்ளே இருப்பது வெளியே வராது. வெளியே என்ன சொன்னால் நல்லதோ அதுதான் வரும்.

'கருத்துக்கணிப்பு' என்ற சொல்லையும் யோசித்துப் பார்க்கிறேன். சாதகம் கணிப்பது, மழையைக் கணிப்பது என்றெல்லாம் சொல்கிறோம். எண்ணிப் பார்ப்பதும் வருவதைச் சொல்வதும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. தேர்தல் காலத்தில்தான் நமக்கு இந்தச் சொல் அதிகம் பழக்கம். அதனால்தானோ என்னவோ, கணிப்பின் முடிவை ஆரூடம் போலவே எடுத்துக்கொள்கிறோம். யாரைக் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்பதில்லை.

*

சில கேள்விகளை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவின் கேலப் நிறுவனம் 1953இலிருந்து ஒரு கேள்வியைக் கேட்டுவருகிறது. புதிதாக ஒரு வேலைக்குப் போகிறீர்கள். மேலதிகாரியாக ஆண் வேண்டுமா, பெண் வேண்டுமா? 1953இல் 66 சதவீதம் பேர் ஆண் என்றார்கள். பெண் என்றவர்கள் 5 சதவீதம். 2017இல் ஆண் 23, பெண் 21, எதுவானாலும் சரி என்றவர்கள் 55 சதவீதம். இந்த எண்களை வைத்து உலகம் மாறிவிட்டது என்று கட்டுரை எழுதலாம். பலர் எழுதியும் இருக்கிறார்கள். மாற்றம் உண்மைதான். ஆனால் பெண் அதிகாரி வேண்டாம் என்று சொன்னவர்களில் பெண்களும் ஏராளமாக இருந்தார்கள். "பெண்ணுக்குப் பெண்ணே எதிரி" என்ற பழைய பல்லவிக்கு இதை ஆதாரமாகக் காட்டுவது சுலபம். அதே நிறுவனத்தின் ஆய்வுகளில் தெரியும் இன்னொரு செய்தியை அப்போது யாரும் எடுப்பதில்லை: பெண் அதிகாரியின்கீழ் வேலைபார்ப்பவர்கள், ஆண் அதிகாரியின்கீழ் இருப்பவர்களைவிட அதிகமாகப் பெண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள். விருப்பம் என்று நாம் எண்ணுவதில் ஒரு பகுதி பழக்கம். வாழ்நாளில் ஒரு பெண் அதிகாரியைக்கூடப் பார்க்காதவளிடம் யார் வேண்டும் என்று கேட்டால், தெரிந்ததைத்தான் சொல்வாள்.

நம் நாட்டுக்கு வருவோம். பியூ ஆய்வு மையம் 2019 நவம்பரிலிருந்து 2020 மார்ச் வரை இந்தியாவில் கிட்டத்தட்ட 30,000 பேரை நேரில் சந்தித்து எடுத்த ஆய்வில், ஆண் பெண் பற்றிய பகுதியை 2022இல் வெளியிட்டது. பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான உரிமை இருப்பது மிக முக்கியம் என்று 80 சதவீதம் பேர் சொன்னார்கள். வேலைகள் குறைவாக இருக்கும்போது பெண்ணைவிட ஆணுக்கே வேலையில் அதிக உரிமை வேண்டும் என்பதை ஏற்றவர்களும் 80 சதவீதம்! கணவனுக்கு மனைவி எப்போதும் கீழ்ப்படிய வேண்டும் என்றவர்கள் 87 சதவீதம். அரசியல் தலைமையைப் பற்றிக் கேட்டபோதோ ஆணும் பெண்ணும் சமம் என்று 55 சதவீதமும், பெண்ணே மேல் என்று 14 சதவீதமும் சொன்னார்கள்.

ஒரே மக்கள், ஒரே ஆய்வு. முரண்பாடு என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு அது முரண்பாடாகத் தெரியவில்லை. தூரத்தில் இருக்கும் தலைமை ஒன்று, பக்கத்தில் இருக்கும் அதிகாரம் இன்னொன்று. முதலமைச்சராகப் பெண் இருக்கலாம். பக்கத்து மேசையில் பெண் இருந்து, அந்த வேலை என் தம்பிக்குக் கிடைக்காமல் போனால்தான் பிரச்சினை. வீட்டுக்குள் அவள் எதிர்த்துப் பேசினால் அது அதைவிடப் பெரிய பிரச்சினை. தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கு இது புதிதில்லை. அமைச்சர்கள் ஒரு பெண்ணின் காலில் விழுந்ததைப் பார்த்த மாநிலம் இது. அதே மாநிலத்தில் 2021 சட்டமன்றத் தேர்தலில் 234 இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர். ஒருத்தியை 'அம்மா' ஆக்கி வணங்குவதற்கும் பல பெண்களைச் சக மனிதர்களாக ஏற்பதற்கும் தொடர்பே இல்லை.

அந்தக் கேள்வியின் தொடக்கத்தையும் பாருங்கள். 'வேலைகள் குறைவாக இருக்கும்போது.' மழை குறைவாக இருக்கும்போது என்பதுபோல இருக்கிறது. வேலையை யார் குறைத்தார்கள் என்பது கேள்வியில் இல்லை. குறைந்ததை யாருக்கு முதலில் பரிமாறுவது என்பது மட்டும்தான் நம்மிடம் கேட்கப்படுகிறது. நம் வீடுகளில் கறிக்குழம்பு குறைவாக இருக்கும் நாளில் யார் தட்டுக்கு முதலில் போகும் என்று தெரிந்த எவளும், இந்தக் கேள்விக்குப் பதில் தேடி அலைய வேண்டியதில்லை. பியர் பூர்தியு என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர் 1970களின் தொடக்கத்திலேயே, பொதுக்கருத்து என்று ஒன்று இல்லை என்று வாதிட்டார். எந்தக் கேள்வி கேட்கத் தகுந்தது என்பதில் எல்லாருக்கும் உடன்பாடு இருப்பதுபோல் கணிப்புகள் பாவனை செய்கின்றன என்பது அவர் காட்டிய குறைகளில் ஒன்று. பெண்கள் விஷயத்தில் அது இரட்டிப்பு உண்மை. கேள்வி நாம் எழுதியதில்லை. பதில் மட்டும் நம்முடையது என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

தேசியக் குடும்ப நல ஆய்வில் இதைவிடக் கடினமான ஒரு பகுதி உண்டு. மனைவியைக் கணவன் அடிப்பது நியாயமா என்று ஏழு காரணங்களைச் சொல்லிக் கேட்பார்கள். சொல்லாமல் வெளியே போனால், சமையல் சரியில்லையென்றால், எதிர்த்துப் பேசினால், மாமனார் மாமியாரை மதிக்கவில்லையென்றால் என்று போகும் பட்டியல். 2019-21 ஆய்வில் ஏதாவது ஒரு காரணத்துக்காவது நியாயம் என்று சொன்ன பெண்கள் 45 சதவீதம், ஆண்கள் 44 சதவீதம். தெலங்கானாவில் பெண்களில் ஐந்தில் நான்கு பேருக்குமேல் அப்படிச் சொன்னார்கள்.

வகுப்பில் இந்த எண்களைச் சொன்னால் மாணவிகள் கொதித்துப்போகிறார்கள். "நம்ம லேடீஸே இப்படிச் சொன்னா என்ன மேடம் பண்றது?" நான் அவர்களிடம் ஒன்றைக் கேட்பேன். உங்கள் பாட்டியிடம் போய் இதைக் கேட்டால் அவர் எதற்குப் பதில் சொல்வார்? தன் விருப்பத்துக்கா, ஊரின் வழக்கத்துக்கா? 'நியாயமா' என்று கேட்டால், 'அப்படித்தானே நடக்குது' என்ற பொருளில் தலையாட்டியிருக்க மாட்டாரா? எது சரி என்பதும் எது நடைமுறை என்பதும் வேறுவேறாகவே அமையாத வாழ்க்கையில், இரண்டையும் பிரித்துச் சொல்லும்படி ஒரு கேள்வியால் கேட்டுவிட முடியாது. அந்த 45 சதவீதத்தில் உண்மையாகவே அப்படி நம்புகிறவர்களும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அடிபட்டவள் தன் அடிக்கு ஒரு காரணம் தேடிக்கொள்வதும் அந்த எண்ணுக்குள்தான் இருக்கிறது.

இந்த ஆய்வைக் குறைசொல்வது மட்டும் என் நோக்கமில்லை. வன்முறையைப் பற்றிய கேள்விகளில் அது ஒரு விதியைக் கடைப்பிடிக்கிறது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்க வேண்டும். தனிமை கிடைக்காவிட்டால் கேட்கவே கூடாது. யாராவது உள்ளே வந்துவிட்டால் நிறுத்த வேண்டும். பதிலைவிட பதில் சொல்கிறவளின் பாதுகாப்பு முக்கியம் என்று தெரிந்தவர்கள் வகுத்த விதி அது. ஐந்து மணிக்குள் அனுப்பச்சொன்ன எங்கள் படிவத்துக்கு அந்த விதியின் நிழல்கூடத் தெரியாது.

*

மனிதர்கள் வாயால் சொல்வதும் அவர்கள் மதிப்பிடும் விதமும் வேறுவேறாக இருக்கலாம் என்பதைக் காட்டிய இரண்டு ஆய்வுகள் என்னை மிகவும் பாதித்தன.

ஒன்று, என் தொழிலைப் பற்றியது. 2015இல் அமெரிக்காவில் லில்லியன் மக்னெல்லும் மற்ற இருவரும் வெளியிட்டது. இணையவழிப் பாடம் ஒன்றில் இரண்டு துணை ஆசிரியர்கள், ஒருவர் ஆண், ஒருவர் பெண். ஒவ்வொருவரும் ஒரு குழுவுக்குத் தம் பாலினத்திலும், இன்னொரு குழுவுக்கு எதிர்ப்பாலினத்திலும் அறிமுகமானார்கள். மாணவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் விடைத்தாள் ஒரே நேரத்தில்தான் திருப்பித் தரப்பட்டது. 'தாமதமின்றித் திருத்தித் தந்தாரா' என்ற கேள்விக்கு, ஆண் என்று நம்பப்பட்டவருக்கு 5க்கு 4.35 மதிப்பெண், பெண் என்று நம்பப்பட்டவருக்கு 3.55. நாற்பது சொச்சம் மாணவர்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். அதைக்கொண்டு உலகத்தை அளந்துவிட முடியாது. ஆனாலும் மாணவர் மதிப்பீட்டுப் படிவத்தில் 'கண்டிப்பானவர்', 'அன்பாகப் பேசுவதில்லை' என்ற குறிப்புகளை ஆண்டுக்கணக்காகப் படித்துவந்த எனக்கு, அந்த 0.80 வித்தியாசம் மிகவும் தெரிந்த முகமாக இருந்தது.

இன்னொன்று மேற்கு வங்கத்தில் நடந்தது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு சுழற்சி முறையில் பெண்களுக்குப் போனது. பெண் தலைமையை அறிந்த கிராமங்களையும் அறியாத கிராமங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க அது வழிசெய்தது. எஸ்தர் டஃப்லோ, ரோஹிணி பாண்டே உள்ளிட்ட ஐந்து பேர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இது. ஒரே பேச்சை ஆண்குரலிலும் பெண்குரலிலும் பதிவுசெய்து, கேட்டவர்களிடம் இந்தத் தலைவர் எப்படி என்று மதிப்பிடச் சொன்னார்கள். பெண் தலைமையைப் பார்த்தே இராத கிராமங்களில் ஆண்கள் பெண்குரலுக்குக் குறைத்து மதிப்பெண் போட்டார்கள். பெண் தலைவர் இருந்த கிராமங்களில் அந்தப் பாரபட்சம் மறைந்திருந்தது. ஆனால் நேரடியாக யார் தலைவராக வர விருப்பம் என்று கேட்டால், ஆண்தான் என்ற பதிலில் மாற்றமில்லை!

முதல்முறை வந்த பெண் தலைவர்களை ஊர் குறைவாகவே மதிப்பிட்டது. இரண்டாம் முறை வந்தபோது அந்தக் குறை இல்லை. பத்தாண்டு இடஒதுக்கீட்டுக்குப் பிறகு, ஒதுக்கீடு இல்லாத இடங்களிலும் பெண்கள் நின்று வெல்வது கூடியது. மக்களின் கருத்து மாறட்டும், பிறகு பெண்களுக்கு இடம் தருவோம் என்கிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. இடம் முதலில் வந்தது, மதிப்பு பிறகு வந்தது, விருப்பம் இன்னும் வரவில்லை. வராவிட்டாலும் வேலை நடக்கிறது. தமிழ்நாட்டில் 2016இல் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு சட்டமானபோது, "புருஷன்தான் நாற்காலியில உக்காருவான்" என்று கேலிசெய்தவர்கள் பலர். பல இடங்களில் உட்காரவும் செய்கிறார்கள். அந்த முதல்முறை மதிப்பீட்டை வைத்துப் பெண் தலைமையைப் பற்றிய தீர்ப்பை எழுதிவிடக் கூடாது.

*

நம்பிக்கைக்கு வருவோம். ஆங்கிலத்தில் பல சொற்களாகப் பிரிந்திருக்கும் எதிர்பார்ப்பு, விசுவாசம், உறுதி எல்லாம் தமிழில் 'நம்பிக்கை' என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. 'நிர்வாகத்தின்மீது உங்களுக்கு நம்பிக்கை உண்டா?' என்று கேட்டால், உண்டு என்று சொல்பவள், அவர்கள் நேர்மையானவர்கள் என்றும் சொல்லலாம். இவர்களை விட்டால் எனக்கு வேறு வழியில்லை என்றும் சொல்லலாம்.

2013ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் ஒவ்வோர் இடத்திலும் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க ஓர் உள்ளகக் குழு வேண்டும் என்கிறது. தலைவராக மூத்த நிலையில் உள்ள பெண், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். ஆண்டுதோறும் எத்தனை புகார் வந்தது என்று அறிக்கை தர வேண்டும். 'புகார் எதுவும் இல்லை' என்ற வரி அந்த அறிக்கைகளில் பெருமையோடு நிற்கும். புகார் இல்லாத இடம் பாதுகாப்பான இடமாகவும் இருக்கலாம். புகார் சொல்லிப் பயனில்லை என்று எல்லாருக்கும் தெரிந்த இடமாகவும் இருக்கலாம். சுழியம் இரண்டுக்கும் ஒன்றேதான்.

கேரளத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2017 பிப்ரவரியில் நடிகை ஒருவர் கடத்தித் தாக்கப்பட்ட பிறகு, திரைத்துறைப் பெண்கள் ஒன்றுகூடிக் கேட்டதால், அவர்களின் பணிநிலையை ஆராய அரசு நீதிபதி கே. ஹேமா தலைமையில் குழு அமைத்தது. நடிகை சாரதாவும் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி கே.பி. வல்சலகுமாரியும் உறுப்பினர்கள். பெண்கள் தனித்தனியாக வந்து பேசினார்கள். படப்பிடிப்புத் தளத்தில் கழிப்பறை இல்லாததிலிருந்து வாய்ப்புக்காகக் கேட்கப்படும் விலை வரை சொன்னார்கள். 2019 டிசம்பரில் அறிக்கை அரசிடம் போனது. சில பகுதிகள் நீக்கப்பட்டு அது வெளியே வந்தது 2024 ஆகஸ்டில். நாலரை ஆண்டுக்குமேல் அது உள்ளே கிடந்ததற்குச் சொல்லப்பட்ட காரணம், பேசிய பெண்களின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்பது.

அந்தக் காரணம் முழுப்பொய் இல்லை. பேசியவளின் பெயர் காக்கப்பட வேண்டும்தான். ஆனால் பெயரை மறைப்பதும் பேச்சையே மறைப்பதும் ஒன்றாகிவிட்டால், காப்பாற்றப்படுவது யார்? அகமரபு பெயரை மறைத்துப் பேச்சை வெளியிட்டது. இங்கே பெயரைக் காட்டி பேச்சைப் பூட்டிவைத்தார்கள். அதற்கும் இற்செறிப்பு என்றுதான் பெயர்.

*

கணிப்புகளைத் தூக்கி எறியுங்கள் என்று நான் மாணவிகளிடம் சொல்வதில்லை. எண்ணிக் காட்டாவிட்டால் நம் உழைப்பு இல்லாமலே போயிருக்கும். சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 299 நிமிடம், ஆண் 97 நிமிடம் என்று 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வு எண்ணிச் சொன்ன பிறகுதான், நம் அம்மாக்களின் முதுகுவலிக்கு ஓர் அரசு ஆவணம் கிடைத்தது. எண் நமக்கும் வேண்டும். கேள்வியை எழுதும் இடத்திலும் நாம் இருக்க வேண்டும். ஒரு கணிப்பைப் படித்தால், யார் கேட்டார், யார் முன்னிலையில் கேட்டார், வேறு பதிலுக்கு இடம் இருந்ததா, உண்மையைச் சொன்னவளுக்கு மறுநாள் என்ன ஆகும் என்று கேளுங்கள். நான்காவது கேள்விதான் முக்கியம்.

இப்போது நான் இருக்கும் கல்லூரியில் அப்படி ஒரு படிவம் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. துறை, வயது, அனுபவம் மூன்றையும் எடுத்துவிட்டேன். வட்டங்களையும் எடுத்துவிட்டேன். பெண்கள் ஓய்வறையில் ஒரு பழைய அட்டைப்பெட்டியை வைத்து, வெள்ளைத்தாள் துண்டுகளும் பேனாவும் வைத்தோம். இரண்டு வாரம் பெட்டி காலியாக இருந்தது. மூன்றாவது வாரம் ஒரே ஒரு துண்டு. மாடியில் உள்ள பெண்கள் கழிப்பறையில் இரண்டாவது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, போகும்போது ஒருத்தி வெளியே நின்று பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தது.

மறுநாளே தச்சரை வரவழைத்துத் தாழ்ப்பாள் போட்டோம். அந்த வாரம் பெட்டியில் பதினோரு துண்டுகள் இருந்தன. அவற்றில் இரண்டு தாழ்ப்பாளைப் பற்றியவை அல்ல. அந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் பழைய கல்லூரியில் திரும்பி என்னைப் பார்த்த அந்தப் பெண்ணின் நினைவு வந்தது. பிறகு எழுந்து, குழுவைக் கூட்டச்சொல்லி முதல்வருக்குக் கடிதம் எழுதினேன். அதில் என் பெயரைப் போட்டேன்.